புதுச்சேரியில் பைப்: கருவியும் இலையும்

புதுச்சேரியில் பைப் பிடித்தவர்கள் எந்தக் காலத்திலும் சிறுபான்மைதான். பிரெஞ்சுக்காரர் இருந்த ஊர் என்றால் தொப்பி, ரொட்டி, ஒயின் என்ற வரிசையில் பைப்பும் இருந்திருக்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். வெள்ளை நகரம் என்ற பழைய பிரெஞ்சுப் பகுதியின் மஞ்சள் சுவர்களின் முன்னே படம் எடுத்துக்கொள்ள வருகிற இளைஞர்களில் ஒருவர் இருவர் வாயில் பைப்பை வைத்துக்கொண்டு நிற்பதையும் பார்க்கலாம். பெரும்பாலும் அதில் நெருப்பு இருக்காது. பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் வாழ்ந்த பகுதியில், ஊர் புகைத்தது சுருட்டு. பிறகு பீடி வந்தது, அதற்கும் பிறகு சிகரெட். வெற்றிலையோடு வாய்க்குள் போன புகையிலையும் மூக்குக்குப் போன பொடியும் தனிக்கணக்கு.

பைப் பிடிக்கத் தொடங்குவது எப்படி, எந்தப் பைப்பை வாங்குவது, எந்தப் புகையிலை பொருந்தும் என்ற கேள்விகளுக்கு மேல்நாட்டுக் கையேடுகள் நிறைய பதில் வைத்திருக்கின்றன. அவை குளிர்நாட்டில், தெருமுனைக்கு ஒரு புகையிலைக் கடை இருந்த காலத்தில் எழுதப்பட்டவை. கடலோர ஈரக்காற்றிலும் இந்தியச் சுங்க வரியிலும் அவற்றில் பாதி செல்லாது. அந்தக் கையேடுகள் சொல்லாமல் விடுகிற ஒன்றும் உண்டு: பைப்பின் வசீகரத்தில் பெரும்பங்கு அந்தக் கருவிக்கு உரியது, அதன் தீங்கு முழுவதும் இலைக்கு உரியது. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் இந்தப் பழக்கத்தைப் பற்றி நிதானமாகப் பேசலாம்.

இந்தியாவில் பைப் பற்றிக் கிடைக்கும் பழைய குறிப்புகளில் பெயர்பெற்றது அக்பர் அவையைச் சேர்ந்த அசத் பேக் எழுதியது. 1600களின் தொடக்கத்தில் அவர் பீஜப்பூரிலிருந்து புகையிலையையும் அலங்காரமான ஒரு புகைக்குழலையும் கொண்டுவந்து பேரரசர் முன் வைத்தார். அக்பர் சில இழுப்புகள் இழுத்துப் பார்த்தார். அரண்மனை வைத்தியர் மறுப்புச் சொன்னார். சில ஆண்டுகள் கழித்து, 1617இல், ஜஹாங்கீர் புகையிலைக்குத் தடை போட்டார். தடை நிற்கவில்லை. வடக்கே உக்கா நிலைத்தது. தெற்கே, இலையை இலையாலேயே சுருட்டிக் கொளுத்துகிற முறை நிலைத்தது. அதற்குப் பாத்திரம் வேண்டாம், தண்ணீர் வேண்டாம், ஏவலாள் வேண்டாம். உழவனும் படகோட்டியும் காதில் செருகிக்கொண்டு போகலாம்.

பிரான்சில் 1674 முதல் புகையிலை அரசின் ஏகபோகம். புரட்சிக்காலத்தில் அது கைவிடப்பட்டு, 1810இல் நெப்போலியன் காலத்தில் திரும்பியது. புகையிலையில் வருமானம் பார்க்கும் அந்தப் புத்தி பிரெஞ்சு வணிகக் கும்பினியோடு கப்பலேறி வந்ததில் வியப்பில்லை. பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் வெற்றிலையும் புகையிலையும் குத்தகைச் சரக்குகள். அந்தக் காலத்து ஐரோப்பிய மாலுமியும் சிப்பாயும் பிடித்தது வெள்ளைக் களிமண் பைப். மலிவானது, கைதவறினால் உடைவது, உடைந்தால் இன்னொன்று வாங்கிக்கொள்வது. இன்று நாம் பைப் என்றதும் நினைக்கிற பழுப்பு நிற மரப் பைப் அப்போது இல்லை. அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில்தான் பிரான்சின் ஜூரா மலைப்பகுதியில் உள்ள சேன்-குளோத் என்ற ஊரில் பெருந்தொழிலாக உருவெடுத்தது. ஆகவே ஆளுநர் துய்ப்ளேக்ஸ் காலத்துக் கதையைப் படமாக்கும் யாரும் அவர் வாயில் வளைந்த மரப் பைப்பை வைத்துவிட வேண்டாம்.

தமிழர் கைக்குப் பைப் வந்தது மரியாதைச் சின்னமாக. இதைப் புரிந்துகொள்ளப் புதுச்சேரியின் செருப்பு வழக்கை நினைத்துக்கொள்வது உதவும். 1873இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பிய பாணிக் காலணியோடு நீதிமன்றத்துக்குள் போனார். தமிழர் அப்படி வரக்கூடாது என்று தடுத்தார்கள். அவர் பாரிஸ் வரை போய் வென்றார். அடுத்த எட்டு ஆண்டுகளில், 1881இல், சொந்தச் சமூகச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக்கொள்ள வழிசெய்த ஆணை வந்தது. காலணி, கோட்டு, தொப்பி என ஒவ்வொரு பொருளும் ஓர் உரிமைக் கோரிக்கையாக இருந்த காலம் அது. பைப்பும் அந்த வரிசையில் சேர்ந்த பொருள்தான், ஆனால் கடைசி வரிசை. அதைப் பிடிக்க முதலில் உட்கார நாற்காலியும் ஓய்ந்த மாலையும் வேண்டும்.

பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டு ஓய்வூதியத்தோடு திரும்பியவரைப் புதுச்சேரியில் சொல்தா என்பார்கள். இந்தோசீனா, அல்ஜீரியா என்று சுற்றியவர்கள். வெளிநாட்டுப் பழக்கங்கள் இந்த ஊரின் நடுத்தர வீடுகளுக்குள் நுழைந்த வழிகளில் அவர்களும் ஒரு வழி. எல்லைக்கு அப்பால், தமிழ்நாட்டில், பைப்பைப் பரப்பியது சினிமா. 1973இல் வந்த ‘கௌரவம்’ படத்தில் பாரிஸ்டர் ரஜினிகாந்தாக வரும் சிவாஜி கணேசன் பைப்பைக் கையாளும் விதத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். வசனம் பேசுவதற்கு முன் ஒரு நிறுத்தம், பேசியபின் ஒரு கடி. அந்தப் பைப்புக்குள் புகையிலை இருந்ததா என்பது யாருக்கும் முக்கியமில்லை. பணக்கார அப்பா, துப்பறிவாளர், வக்கீல், கொஞ்சம் வில்லன்: பைப் வைத்தால் பாத்திரம் முடிந்தது. இன்று பைப் பிடிக்க விரும்பும் பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேருக்குப் புகை மேல் ஆசையைவிட அந்த நிறுத்தத்தின் மேல்தான் ஆசை இருக்கும்.

இலையின் கதை இதற்கு நேர்மாறு. அது முழுக்க நம் பக்கத்துக் கதை.

திண்டுக்கல், வேடசந்தூர்ச் சுற்றுவட்டாரத்தில் சுருட்டுப் புகையிலை விளைந்தது. ஊசிக்கப்பல், வெள்ளைவாழை என்று உழவர்கள் பெயர் வைத்த ரகங்கள் உண்டு. வேடசந்தூரில் 1948இலேயே இதற்கென்று ஓர் ஆராய்ச்சி நிலையம் வந்தது. சென்னை ஸ்பென்சர் கம்பெனி திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலை நடத்தியது. திருச்சி உறையூரில் வீட்டுக்கு வீடு சுருட்டுத் தொழில் இருந்தது. ஃபென் தாம்ப்சன் என்ற வெள்ளைக்காரப் பெயரில் உறையூர்ச் சுருட்டு விற்பனையானது. சர்ச்சிலுக்குத் திருச்சிச் சுருட்டுதான் பிடிக்கும் என்று உறையூரில் இன்றும் சொல்வார்கள். அதை நான் ஊர்ப் பெருமைக் கணக்கில் வைக்கிறேன். ஷெர்லாக் ஹோம்ஸ் விஷயம் அப்படியல்ல. 1887இல் வெளிவந்த முதல் ஹோம்ஸ் நாவலிலேயே கொலையாளியைப் பற்றிய துப்புகளில் ஒன்று திருச்சிச் சுருட்டின் சாம்பல். உலகத்தின் மிகப் பிரபலமான பைப் பிடிப்பவர் முதல் வழக்கிலேயே நம் ஊர் இலையைச் சாம்பலிலிருந்து அடையாளம் கண்டுவிட்டார்!

புதுச்சேரிக்குச் சொந்தமான ஏனாம் கோதாவரிக் கழிமுகத்தில் இருக்கிறது. அந்த ஆற்றின் மணல்திட்டுகளை அங்கே லங்கா என்கிறார்கள். வெள்ளம் வடிந்த வண்டலில் விளைகிற லங்கா புகையிலை கறுத்த, காரமான இலை. அதுவும் சுருட்டுக்குத்தான் போகிறது. இன்னும் தெற்கே யாழ்ப்பாணத்தில் தென்னை மட்டையும் பொச்சும் எரித்த புகையில் இலையைப் பதப்படுத்தினார்கள். திருவிதாங்கூர் வரை அது ஏற்றுமதியானது. சுருட்டுக்கு அங்கே கோடா போடுவார்கள். இலையின் காரத்தை அடக்கி மணம் ஏற்றுகிற பாகு அது. சுருட்டுக் கொட்டில்களில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றிக்கொண்டே கேட்பார்கள். யாழ்ப்பாணத்து அரசியல் விவாதங்கள் பலவும் அந்தக் கொட்டில்களில் சூடேறியவை.

இதையெல்லாம் இங்கே சொல்லக் காரணம் உண்டு. விலை உயர்ந்த பைப் புகையிலை டப்பா ஒன்றின் மேல் எழுதியிருப்பதைப் படித்தால் மூன்று நான்கு வித்தைகள்தான் இருக்கும். ஒன்று, புகையில் பதப்படுத்தியது: லட்டாக்கியா என்ற சிரியத் துறைமுகத்தின் பெயரால் வழங்கும் கறுப்பு இலை அப்படிச் செய்யப்படுவது. யாழ்ப்பாணத்தில் தென்னை மட்டை, அங்கே வேறு விறகு. இன்னொன்று, பாகு ஏற்றியது: வெனிலா, செர்ரி, விஸ்கி என்று மணக்கும் வகைகள் எல்லாம் கோடா போட்டவையே. மூன்றாவது, அழுத்தி வைத்து நொதிக்க விட்டது. அமெரிக்காவின் லூயிசியானாவில், அதுவும் ஒரு காலத்தில் பிரெஞ்சு மண்தான், பெரிக் என்ற இலையைப் பீப்பாயில் இட்டுத் திருகால் அழுத்தி, தன் சாற்றிலேயே ஓராண்டு போல ஊறவிடுகிறார்கள். நம் வியாபாரிகளும் இலையைச் சிப்பமாகக் கட்டி அடுக்கிப் புழுங்கவிடத் தெரிந்தவர்கள். கிண்ணமும் தண்டும் அயல்நாட்டுச் சரக்கு. இலைக்குச் செய்கிற வேலைகள் எதுவும் நமக்குப் புதிதல்ல. ஒரே பெரிய வித்தியாசம் வெர்ஜீனியா. சூடான காற்றில் அறைக்குள் உலர்த்தி, சர்க்கரை குறையாமல் பொன்னிறமாக எடுக்கும் இலை அது. அதையும் ஆந்திரமும் கர்நாடகமும் ஏராளமாக விளைவித்து ஏற்றுமதி செய்கின்றன. அதற்கென்றே 1976 முதல் குண்டூரில் புகையிலை வாரியம் இயங்குகிறது. வெளிநாட்டு டப்பாவை வாங்குபவர், ஒருவேளை ஆந்திரத்தில் ஏலம்போன இலைக்கே இறக்குமதி வரி கட்டுகிறார்.

இனி கருவி. பைப்புக்கு மூன்று பகுதி: புகையிலை எரிகிற கிண்ணம், புகை வருகிற தண்டு, பல்லில் கடிக்கிற வாய்முனை. மரம் என்றால் பிரையர். மத்தியதரைக் கடலோரம் வளரும் எரிகா அர்போரியா என்ற புதர்ச் செடியின் அடிவேர் முடிச்சு அது. பல பத்தாண்டுகள் முற்றிய முடிச்சைத் தோண்டி எடுத்து, துண்டு போட்டு, மணிக்கணக்கில் வேகவைத்துச் சாறு இறக்கி, மாதக்கணக்கில் உலர்த்திய பிறகே கடைசலுக்குப் போகும். கோர்சிகாவிலிருந்தும் அல்ஜீரியாவிலிருந்தும் சேன்-குளோத்துக்கு மூட்டை மூட்டையாகப் போனது இதுதான். உள்ளே நெருப்பு எரிந்தும் மரம் எரியாமல் இருப்பதற்கும் கை சுடாமல் இருப்பதற்கும் அந்த முடிச்சின் கெட்டித்தன்மையே காரணம். துருக்கியின் எஸ்கிசெஹிர் பகுதியில் தோண்டியெடுக்கும் மீர்ஷாம் என்ற வெள்ளைக் கல் பைப் அழகானது. புகைக்கப் புகைக்கத் தேன் நிறம் ஏறும். ஆனால் விழுந்தால் போயிற்று. தொடங்குபவருக்கு அது வேண்டாம்.

தொடங்குபவருக்கு உகந்தது மக்காச்சோளத் தக்கைப் பைப். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் 1869 முதல் இதையே தொழிலாகச் செய்கிறார்கள். காய்ந்த தக்கையைக் கடைந்து, வெளியே பூச்சு கொடுத்து, ஒரு தண்டு செருகினால் பைப். விலை குறைவு, எடை குறைவு, முதல் நாளிலிருந்தே பழகிவிடும். பிரையரை அப்படி உடனே பயன்படுத்த முடியாது. உள்சுவரில் கரிப்படலம் மெல்ல ஏற வேண்டும். அதுவரை பாதிக் கிண்ணம் நிரப்பி, அவசரமில்லாமல் புகைத்துப் பழக்க வேண்டும். அந்தக் கரி ஒரு நாணயக் கனத்தைத் தாண்டினால் சுரண்டியும் விட வேண்டும், இல்லையென்றால் கரி விரிந்து மரத்தைப் பிளக்கும். பெரிய பிராண்டில் பெருஞ்செலவு செய்வதை முதல் ஆண்டு தள்ளிப்போடுவதே புத்திசாலித்தனம். வாங்கிய சில மாதங்களில் பைப்பை அலமாரியில் வைத்துவிடுகிறவர்களும் உண்டு.

புகையிலை வாங்குவதுதான் இந்த ஊரில் உண்மையான சிக்கல். சாராயம் மலிவு என்று தமிழ்நாட்டிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள் புகையிலையும் அப்படித்தான் என்று எண்ணிவிடக் கூடாது. மதுவின் வரி புதுச்சேரி அரசின் கையில். புகையிலையின் வரி நாடு முழுவதற்கும் ஒன்று. 2017இல் ஜி.எஸ்.டி வந்தபோது பைப் புகையிலைக் கலவைக்கு 28 விழுக்காடு வரியும் அதன் மேல் 290 விழுக்காடு செஸ்ஸும் விதித்தார்கள். உக்காப் புகையிலைக்கு அப்போது செஸ் 72 விழுக்காடு. பிறகு விகிதங்கள் மாறினாலும், பைப் பிடிப்பவரை வசதிபடைத்தவர் என்று அரசு முடிவுகட்டியிருப்பது தெரிகிறது. பெட்டிக்கடையில் கிடைக்காது, பெரிய மார்க்கெட்டின் புகையிலைக் கடையிலும் கிடைக்காது. அங்கே மெல்லும் புகையிலையும் சுருட்டும்தான். பாரிசில் பிள்ளைகள் இருக்கிற வீடுகள் இந்த ஊரில் ஏராளம் என்பதால் கோடை விடுமுறைக்கு வருகிறவர் கையில் சொல்லிவிடுவது நடைமுறை. அதற்கும் அளவு உண்டு: 2016 சுங்க விதிப்படி பயணி ஒருவர் தீர்வையில்லாமல் கொண்டுவரக்கூடியது 100 சிகரெட், அல்லது 25 சுருட்டு, அல்லது 125 கிராம் புகையிலை.

சரி, கடைக்குக் கடை இருக்கிற சுருட்டையே பிரித்துப் பைப்பில் போட்டால் என்ன? போடலாம், புகையும். தொடங்குபவருக்கு அதைவிடக் கெட்ட யோசனை இல்லை. காற்றில் உலர்த்திய கறுப்பு இலையின் புகை காரத்தன்மை கொண்டது. நிகோடின் நுரையீரலுக்குப் போகாமலே வாயின் உட்தோல் வழியாக ரத்தத்தில் ஏறிவிடும். பாதிக் கிண்ணம் முடிவதற்குள் தலை கிறுகிறுத்து, நெற்றி வியர்த்து, வாந்தி வரும். பழகாத ஒருவருக்கு மென்மையான பர்லி என்ற இலையோ பாகு குறைவாக ஏற்றிய கலவையோ போதும். மணக்க மணக்க இருக்கிற வகைகளில் ஈரமும் சர்க்கரையும் அதிகம். அவை சூடாக எரிந்து நாக்கை உரித்துவிடும். நாக்கு எரிச்சல் வந்தவுடன் பைப் சரியில்லை என்று பழி போடுவார்கள். குற்றம் பெரும்பாலும் ஈரமான இலையிலும் வேகமான இழுப்பிலும் இருக்கும்.

ஈரம் என்றதும் கடல் நினைவுக்கு வர வேண்டும். புதுச்சேரியில் காலைக் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தொடுவது சாதாரணம். மேல்நாட்டுக் கையேடு புகையிலை காய்ந்துவிடாமல் ஈரத்துணி வைக்கச் சொல்லும். இங்கே அதைச் செய்தால் ஒரு வாரத்தில் பூஞ்சை. ரப்பர் வளையம் உள்ள கண்ணாடி ஜாடி, இருட்டான அலமாரி, மழைக்காலத்தில் ஜாடியை அடிக்கடி திறக்காமை, இவ்வளவுதான். புகைக்கப் போகிற இலையை மட்டும் ஒரு தட்டில் பரப்பி மின்விசிறிக்குக் கீழே சற்று ஆறவிட வேண்டும். இரு விரலால் கிள்ளி அழுத்திவிட்டால் இலை மெல்ல விரிய வேண்டும். உருண்டையாகவே இருந்தால் ஈரம் போகவில்லை, நொறுங்கினால் காய்ந்துவிட்டது.

நிரப்புவதைப் பற்றி ஐரோப்பாவில் ஒரு பழைய வழக்குச் சொல் உண்டு: முதல் பிடியைக் குழந்தையின் கையால் அழுத்து, இரண்டாவதைப் பெண்ணின் கையால், மூன்றாவதை ஆணின் கையால். அதாவது அடியில் தளர்வு, மேலே இறுக்கம். நடைமுறையில் இது இப்படி இருக்கும். இலையை உதிர்த்துக் கிண்ணத்தில் தூவி விளிம்பு வரை நிரப்புங்கள். விரலால் பாதி அளவுக்குத் தட்டுங்கள். மறுபடி தூவி முக்கால் அளவுக்கு. மறுபடி தூவி, விளிம்புக்குச் சற்றுக் கீழே வரும்படி கொஞ்சம் பலமாக. இப்போது நெருப்பு இல்லாமல் இழுத்துப் பாருங்கள். உறிஞ்சுகுழலில் இளநீர் குடிக்கிற அளவுக்கு லேசான தடை இருந்தால் சரி. தடையே இல்லையென்றால் தளர்வு; கன்னம் குழிந்தால் கொட்டிவிட்டு மீண்டும் தொடங்குங்கள். தீக்குச்சியைக் கந்தகம் எரிந்து முடிந்த பின்னரே கிட்டக் கொண்டுபோக வேண்டும். சுடரை மேற்பரப்பு முழுதும் வட்டமாகக் காட்டினால் இலைகள் நெளிந்து எழும்பும். அது பொய்ப் பற்றவைப்பு. அணையவிட்டு, தட்டையான ஒரு கம்பியால் மெல்ல அழுத்தி, இரண்டாம் குச்சி. இனிதான் புகை. நிமிடத்துக்கு ஓரிரு சிறு இழுப்பு, வாயோடு சரி, உள்ளே இழுக்கக்கூடாது. அணைந்தால் அணையட்டும், மீண்டும் பற்றவைப்பதில் அவமானம் இல்லை. கிண்ணத்தைக் கன்னத்தில் வைத்தால் சுடக்கூடாது, சுட்டால் வேகம் அதிகம். கடற்கரையில் மட்டும் வேண்டாம், அங்கே காற்றே உங்களுக்காகப் புகைத்துக் கிண்ணத்தைக் கருக்கிவிடும். முடிந்தபின் சாம்பலைத் தட்டி, தண்டுக்குள் பஞ்சுக்கம்பி விட்டு எடுத்து, ஒரு நாள் முழுக்க ஓய்வு. சூடாக இருக்கும்போதே வாய்முனையைத் திருகினால் தண்டு வெடிக்கும்.

எங்கே உட்கார்ந்து புகைப்பது என்பது அடுத்த கேள்வி. வெள்ளை நகரத்தில் பல கட்டடங்கள் அரவிந்தர் ஆசிரமத்துடையவை. மதுவையும் புகையையும் ஒதுக்குவது அங்கே அடிப்படை விதி. 2003ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டத்தின் அட்டவணையில் சிகரெட், பீடி, சுருட்டோடு பைப் புகையிலையும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. பொது இடத்தில் புகைத்தல் 2008 அக்டோபர் 2 முதல் கறாராகத் தடுக்கப்பட்டது. 30 அறைகளுக்குக் குறையாத ஓட்டலும் 30 இருக்கைகளுக்குக் குறையாத உணவகமும் விமான நிலையமும் மட்டுமே புகைப்பதற்குத் தனி இடம் ஒதுக்கலாம். பழைய பிரெஞ்சு வீடுகளைப் புதுப்பித்து நடத்தும் தங்குமனைகள் பெரும்பாலும் அதைவிடச் சிறியவை. ஆக, பைப்புக்கு ஏற்ற தாழ்வாரமும் பிரம்பு நாற்காலியும் எங்கே இருக்கின்றனவோ அங்கே புகைக்க முடியாது. 18 வயது நிரம்பாதவருக்கு விற்பதும் குற்றம்.

தீங்கைப் பற்றி. பைப் சிகரெட்டைப் போல இல்லை, பாதுகாப்பானது என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதற்குப் பதில் 1859இலேயே பிரெஞ்சு மொழியில் வந்துவிட்டது. தென் பிரான்சின் மோன்பெலியே மருத்துவமனையில் புய்சோன் என்ற மருத்துவர் வாய்ப்புற்றுநோயாளிகள் 68 பேரைக் கணக்கெடுத்தார். 66 பேர் புகைப்பவர்கள், ஒருவர் மெல்லுபவர். உதட்டில் புற்று வந்தவர்களுக்கு, பைப்பையோ சுருட்டையோ வைத்துப் பழகிய அதே இடத்தில் அது வந்திருப்பதையும் அவர் கண்டார். அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் 1964 அறிக்கை பைப்பையும் உதட்டுப் புற்றையும் நேரடியாகத் தொடர்புபடுத்தியது. 2004இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 1,38,000 ஆண்களை வைத்து வெளியான ஆய்வில், பைப் மட்டுமே பிடித்தவர்கள் நுரையீரல் புற்றால் இறக்கும் வாய்ப்பு புகையிலையே தொடாதவர்களைப் போல 5 மடங்கு, குரல்வளைப் புற்றுக்கு 13 மடங்கு. சிகரெட்டைவிட நுரையீரல் ஆபத்து குறைவு என்பது உண்மை. அது சிகரெட்டின் கொடுமைக்குச் சான்று, பைப்புக்கு நற்சான்று அல்ல. புகையை உள்ளே இழுக்காமல் வாயில் வைத்துக்கொள்வதால் வாய்க்கு வருகிற கேடு எப்படிப்பட்டது என்பதை ஏனாமுக்கு வடக்கே, விசாகப்பட்டினம், ஸ்ரீகாகுளம் கரையோரப் பெண்களிடம் மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பார்த்துவருகிறார்கள். சுருட்டின் கங்கு முனையை வாய்க்குள் வைத்துப் புகைக்கும் வழக்கம் அங்கே உண்டு. அவர்களுக்கு மேலண்ணத்தில் புற்று. ஜிப்மர் மருத்துவமனையின் மண்டலப் புற்றுநோய் மையம் இந்த ஊரிலேயே இருக்கிறது. வெளியே வரிசையில் நிற்பவர்களில் எத்தனை பேர் தாடையில் கட்டோடு இருக்கிறார்கள் என்பதைப் பார்க்க மருத்துவப் படிப்பு தேவையில்லை. விட நினைப்பவர்களுக்கு 1800 112 356 என்ற கட்டணமில்லா எண் உண்டு.

என் தீர்ப்பு: ஏற்கெனவே சிகரெட் பிடிக்காதவர் பைப்பில் தொடங்க ஒரு காரணமும் இல்லை. சிகரெட்டிலிருந்து பைப்புக்கு மாறுகிறவர் வழக்கமாக அதையும் உள்ளே இழுத்துவிடுகிறார், ஆகவே நுரையீரல் ஆபத்து குறைகிற லாபமும் கைக்கு வருவதில்லை. சுங்க வரி, ஈரம், சட்டம், நாக்கு எரிச்சல் அத்தனையும் தாண்டி மிஞ்சுகிற கவர்ச்சி எது என்று பார்த்தால், அந்த வேர்முடிச்சின் ரேகையும் கைக்குள் அடங்குகிற அதன் வடிவமும்தான். அதற்கு இலை தேவையில்லை.

அப்படி ஆசைப்படுகிறவருக்குப் புதுச்சேரி நல்ல ஊர். காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும் பழம்பொருள் கடைகளிலும் பழைய பைப் எப்போதாவது கண்ணில் படும். தண்டின் பக்கவாட்டில் புரூயேர் (அதாவது பிரையர்) என்றோ சேன்-குளோத் என்றோ பிரெஞ்சில் முத்திரை இருக்கிறதா பாருங்கள். கிண்ணத்தின் விளிம்பில் விரிசல் இருந்தால் விட்டுவிடுங்கள். கருகல் மட்டும் என்றால் தேய்த்து எடுத்துவிடலாம். வாய்முனையில் பல்தடம் இருப்பது குறையல்ல, ஓட்டை விழுந்திருந்தால் குறை. அது மங்கிய பச்சையாக இருந்தால் வல்கனைட் ரப்பர், வெயிலில் வெளுத்தது. மெல்லிய உப்புத்தாள் போட்டு எண்ணெய் தடவினால் கறுப்பு திரும்பும், மறுபடி ஜன்னலோரம் வைக்காதீர்கள். உள்ளே ஊறிய பழைய நாற்றத்துக்கு வழி இது: கரியைச் சுரண்டிவிட்டு, கிண்ணம் நிறையக் கல்லுப்பை இடித்துப் போட்டு, தண்டின் துளையைப் பஞ்சால் அடைத்து, உப்பு நனையும் வரை கடுமையான சாராயத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஒரு நாள் வையுங்கள். சாராயம் எங்கே கிடைக்கும் என்று இந்த ஊரில் யாரும் கேட்கப்போவதில்லை. மறுநாள் உப்பு தேநீர் நிறத்தில் இருக்கும். அதைக் கொட்டிவிட்டு இன்னொரு முறை செய்யுங்கள். உப்பு வெள்ளையாகவே நின்றால் பைப் சுத்தம்.